மூன்றாவது தீர்மானத்துக்கு ஒரு கை

இன்று மாலை இந்த மண்டபத்தில் ஒரு மகத்தான முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. இருக்கிற ஒரே மின்விசிறி இடப்பக்கமும் திரும்பக் கூடாது, வலப்பக்கமும் திரும்பக் கூடாது. நடுச்சுவரைப் பார்த்தே சுழல வேண்டும் என்று நம் கரும்பு விவசாயிகள் சங்கத்தின் செயற்குழு நெடுநேரம் விவாதித்து ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. இரு பக்கமும் சமமாக வியர்க்கிறது. நடுநிலை வென்றது.

அந்த வெற்றியின் நிழலில் நின்று வணங்குகிறேன். அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் நவநீதகிருஷ்ணன் அவர்களே, இடப்பக்கம் வீற்றிருக்கும் என் கட்சிக்காரர்களே, வலப்பக்கம் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் மதுமதி அவர்களின் அன்பர்களே, காட்டுவேலை முடித்துக் களைப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, பரமத்தி வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடிகாரம் பார்க்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் முன் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. வெயிலின் கொடுமையைத் தணிக்க மதுமதி எடுத்த முடிவுகள் எல்லாமே சரி என்பது ஒன்று. எல்லாமே தவறு என்பது மற்றொன்று. நான் மூன்றாவதாக ஒன்றை முன்மொழிய வந்திருக்கிறேன். கரும்பு வெட்டியபின் காட்டில் கிடக்கும் காய்ந்த சோகையை எரிக்கக் கூடாது என்று அவர் போட்ட தடை சரி. சித்திரை வெயிலில் சாலையோரம் மரக்கன்று நட்டது தவறு. இவ்வளவுதான். வழிமொழிய ஒருவர் எழுந்து கை தூக்கினால்தான் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வரும் என்பது நம் சங்க விதி. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கை. எந்தப் பக்கத்துக் கை என்றாலும் சரி.

"நீங்க எந்தப் பக்கமுங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க!"

சொல்கிறேன். இடப்பக்கம். மதுமதியை எதிர்த்து வீடு வீடாக ஓட்டுக் கேட்டவன். அடுத்த தேர்தலிலும் கேட்பேன். ஆனால் வெயில் வீடு பார்த்து அடிக்குமா? வறட்சி வாக்காளர் பட்டியல் பார்த்து வருமா? காவிரி கட்சி பார்த்துப் பாயுமா?

சோகையைத் தூளாக்கி நிலத்திலேயே பரப்ப, பேரூராட்சி ஓர் இயந்திரத்தை வாடகைக்குத் தருகிறது. அதன் நெற்றியில் மதுமதியின் படம். என் கட்சிக்காரர் ஒருவர் அதை எடுத்தார். எப்படி எடுத்தார்? படத்தின் மேல் சாக்கைக் கட்டி எடுத்தார். காற்றோட்டம் அடைபட்டு இயந்திரம் சூடேறி நின்றது. ஆறும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தாரே தவிர, சாக்கை அவிழ்க்கவில்லை. கோடையில் என்னைக் கூட்டிப்போய்த் தூளைக் கையால் விலக்கிக் காட்டினார். அடியில் ஈரம். "ரெண்டு தடவ தண்ணி பாச்சறது மிச்சமுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றார்.

"யாருங்க அது?"

சொல்ல மாட்டேன். அவர் கட்சியில் இருக்க வேண்டும்.

"நீங்க இருக்க வேண்டாமுங்களா?"

நல்ல கேள்வி. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

வலப்பக்கம் சிரிக்கிறது. உங்கள் பக்கத்து அம்மா ஒருவர், அந்தச் சாலையோரத்தில் செத்துப்போன புங்கன் கன்றுக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். மழைக்காலம்வரை பொறுத்து நட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். "இனி இது தளிர்க்காதுங்களே அம்மா" என்றேன். "எனக்குந் தெரியுஞ் சாமி. நிறுத்திப்போட்டா உங்காளுங்க சிரிப்பாங்கல்ல?" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. நன்றி.

இந்தத் தீர்மானத்தை எழுதிக் கொடுத்த நாள் முதல், டீக்கடையில் நான் உட்கார்ந்தால் எங்கள் பெஞ்சு காலியாகிறது. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தால், வேவு பார்க்க வந்தவன் என்று அவர்கள் பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். நானும் வெயிலைப் பற்றித்தான் பேச வந்தேன் என்றால் நம்புவதில்லை. நின்றுகொண்டே குடிக்கப் பழகிவிட்டேன்.

எதிரி செய்த நல்லதை நல்லது என்று சொல்லும் நா இந்த ஊரில் இல்லையா? தன் தலைவர் செய்த தவறைத் தவறு என்று சொல்லும் நா இல்லையா? இருக்கிறது! இரண்டும் இதே மண்டபத்தில், இதே வியர்வையில் இருக்கின்றன! காட்டில் சொன்னதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். குனிந்து சொன்னதை நிமிர்ந்து சொல்லுங்கள். நாளைக்குக் கட்சி மாறச் சொல்லவில்லை. இன்றைக்குக் கண் திறக்கச் சொல்கிறேன். எழுந்திருங்கள்! ஒரு கை! ஒரே ஒரு கை!

காத்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் ஒரு கை... கொசுவா? சரி, உட்காருங்கள்.

இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட இரு பக்கத்தாருக்கும், பாதியில் மைக்கை அணைக்காத ஒலிபெருக்கிக்காரருக்கும் என் நன்றி. ஓட்டெடுப்பு முடிந்ததும் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம். வழிமொழிய யாரும் எழாததால் மூன்றாவது தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வராது. முதல் இரண்டுக்கும் இப்போது கை தூக்கலாம்.