மூடிக்குள் இருக்கும் பெல்ட்

டைமிங் பெல்ட் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான், ஃபாதர். கராஜில் விட்டால் என்னமோ பெரிய ஒப்பரேஷன் மாதிரிப் பேசுவார்கள். எஞ்சினின் முன்பக்க மூடியைக் கழற்றி, குறிகளை நேர் பார்த்து, பழையதை உருவிப் புதியதை மாட்டி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் முடிந்தது. மஹய்யாவவில் எங்கள் வீட்டு முற்றத்தில் லீவு நாட்களில் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை.

நான் சொல்ல வந்த பாவம் ஒரு பொய். சுமனிடம் சொன்ன பொய்.

சுமனை உங்களுக்குத் தெரியும். என் தங்கை ஜெஸ்மினைக் கட்டிக்கொள்ள இருந்தவன். சைவக் குடும்பம் என்றாலும் அவளுக்காக இங்கே வந்து உங்களிடம் ஞானோபதேசம் படித்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கியது அவன் வான்தான். நல்ல பையன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். என் மனைவி கத்தரீனாவுக்குக் கைகால் விளங்காமல் போனதிலிருந்து அவளைத் தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டுவது ஜெஸ்மின்தான். எனக்கு அந்த வேலை கைவரவில்லை. கல்யாணம் முடிந்தால் ஜெஸ்மின் ஹந்தானைக்குப் போய்விடுவாள். கல்யாணமே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்சம் தள்ளிப்போனால் நல்லது என்று மட்டும் நினைத்தேன். பெல்ட் அறுந்து வானின் எஞ்சின் போனால், கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு சுமன் முதலில் அதைத்தானே திருத்தப் பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வானைக் கொண்டுவந்து விட்டான். புதிய பெல்ட்டைப் பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டு, ஜெஸ்மினைக் கூட்டிக்கொண்டு கல்யாணச் சேலை பார்க்க டவுனுக்குப் போனான். நான் மூடியைக் கழற்றினேன். பழைய பெல்ட்டில் பற்களின் அடியில் வெடிப்பு ஓடியிருந்தது. அதை உருவி, துணியால் துடைத்து, திரும்ப அதையே மாட்டினேன். நான் எதையும் வெட்டவில்லை, ஃபாதர். எதையும் தளர்த்தி விடவில்லை. ஏற்கனவே இருந்ததை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கழற்றிய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. அதனால் வேறொரு வானிலிருந்து எப்போதோ கழற்றிப் போட்டிருந்த பெல்ட்டைத் தேடி எடுத்து வைத்தேன். சுமன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நல்ல வேளை மச்சான். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா அம்போதான்."

"ஆமா, அம்போதான்" என்றேன். அதுதான் அந்தப் பொய்.

பிறகு அவன் கண்ணூறு கழிய வானின் நாலு சில்லுகளுக்கு அடியிலும் தேசிக்காய் வைத்து நசுக்கி, ஜெஸ்மினை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். அவள் எனக்குக் கை காட்டினாள்.

பெல்ட் அது பாட்டுக்குக் கொஞ்ச நாள் ஓடியது. ஒரு பகல், மேலே பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியாக இறங்கி வரும்போது அறுந்தது. வளைவில் வான் திரும்பாமல் தேயிலைக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. உள்ளே பிள்ளைகள் இல்லை என்று கேட்டதும் நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். சுமன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சோதித்தவர்கள் பிரேக்கில் பழுதில்லை, கியர் நியூட்ரலில் இருந்தது என்றார்கள். மூடியைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

செத்த வீட்டில் ஜெஸ்மின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஒழுங்காத்தான் செஞ்சு குடுத்தீங்கண்ணே. அவருதான் டீசல மிச்சம் புடிக்கிறேன்னு எறக்கத்துல நியூட்ரல்ல விடுவாரு. நீங்க மனசுல போட்டுக்காதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. இன்றைக்கும் அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. தலையைக் குனிந்துகொள்கிறேன். தேத்தண்ணியைக் குடித்துவிடுகிறேன்.

அந்த நியூட்ரல் பழக்கம் எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். தெரியும். அதே இறக்கத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். நானே அவனை ஏசியிருக்கிறேன். "நியூட்ரல்ல எஞ்சின் நின்னா ஒனக்குத் தெரியவே தெரியாது சுமன். ரெண்டு மிதியில பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங்கும் திரும்பாது." அப்படிச் சொன்ன நான்தான் அந்தப் பெல்ட்டை மாட்டினேன். எங்காவது சமதரையில் வான் நின்றுவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஹந்தானைப் பாதையில் சமதரை எங்கே இருக்கிறது? சுமனைக் கொன்றது நான்தான், ஃபாதர்.

ஜெஸ்மின் இனிக் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

பொலிசுக்குப் போகச் சொல்வீர்கள். போகலாம். ஆனால் நான் உள்ளே போய்விட்டால் கத்தரீனாவை யார் பார்த்துக்கொள்வது? அவளுக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஜெபம் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வெளியே ஜெஸ்மின் காத்துக்கொண்டிருக்கிறாள். கத்தரீனாவுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரமாகிவிட்டது, அவள்தான் போய் ஊட்ட வேண்டும்.