ஆயுள் முடியும்வரை பின்னறை

இந்த வீட்டில் தண்ணீருக்குக் கஷ்டமே கிடையாது. மாடிக் குழாயில்கூட முழு வேகத்தில் வரும். வெயில் காலத்தில் முன்னறையில் மின்விசிறி இல்லாமலே உட்காரலாம். அப்புறம் விலை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டீர்கள். வாங்க வந்தவரிடம் குறையை மறைத்து விற்பது எனக்குப் பிடிக்காது. பின்னறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இதை எனக்கு விற்றவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தெருவே அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். தனியாள். சாகும்வரை பின்னறையில் இருந்துகொள்கிறேன், அதற்காக விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றார். மனைவியின் நகை, அப்பா விட்டுப்போன மனை எல்லாம் இதற்குள் போயின. முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் முன்பக்கம் குடிவந்தோம். பத்திரத்தைப் பதிவு செய்வது மட்டும்தான் பாக்கி. அதற்குத் தேதி வாங்கினால் அன்றைக்குப் பார்த்து அவருக்கு முட்டி வலிக்கும், இல்லாவிட்டால் தலை சுற்றும்.

“ஓடியா போயிடப் போறேன்?” என்பார். “பத்திரம் கைக்கு வந்துட்டா நீ என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்ட தம்பி. இப்பன்னா ஸ்பூனால டம்ளரைத் தட்டினதும் விழுந்தடிச்சு வர்ற.”

உண்மைதான். வெந்நீர், மாத்திரை, போர்வை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். என் அம்மாவுக்குக்கூட நான் அவ்வளவு செய்ததில்லை. பதிவாகும் முன் அவர் கண்ணை மூடிவிட்டால் வீடு அவருடைய தம்பிக்குப் போய்விடும். அந்த ஆள் எதிர்ப்பக்கம் நின்று ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவதை நான் கவனித்திருக்கிறேன்.

கடைசியில் நர்ஸம்மாவே இறங்கிவந்தார். “பதிவு ஆபீசரை இங்கயே வரச் சொல்லு. உன் மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல.”

நடமாட முடியாதவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அலுவலர் வந்து, நேரில் சம்மதம் கேட்டு, கைரேகை வாங்கிக்கொள்வார். விண்ணப்பம் கொடுத்தேன். தேதியும் கிடைத்தது.

அன்று காலையில் டம்ளர்ச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை. இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். ஆயுசில் பாதியை ஆஸ்பத்திரியில் கழித்தவர். தனக்கு என்ன நடக்கிறது, எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

மதியம் அலுவலர் வருவார். விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைத்தான் எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எல்லாம் ரத்தாகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தானே. முகத்தைத் துடைத்து, தலையை வாரி, கழுத்துவரை போர்த்திவிட்டேன். டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து அலமாரியில் வைத்தேன்.

அலுவலர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். “பேச மாட்டாங்களா?”

“போன வருஷமே பேச்சு போயிடுச்சு சார். காது நல்லாக் கேக்கும்.”

“வீட்டை இவருக்கு வித்ததுல சம்மதம்னா தலையை ஆட்டுங்கம்மா.”

என் கை தலையணைக்கு அடியில் இருந்தது. தலை ஆடியது.

இடது பெருவிரலைக் கேட்டார். நர்ஸம்மா கையை இறுக்கி மூடிக்கொண்டார். அலுவலர் மை டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அந்த வயதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கிளம்பும்போது அலுவலர் சொன்னார். “இவங்களை வீட்ல வச்சுக்கிட்டு நீங்க ஏன் அல்லாடணும்? ஆஸ்பத்திரியில சேத்துட்டு ஒரு போன் அடிச்சிருந்தா அங்கயே வந்திருப்பேன். வாரத்துல பாதி நாள் எனக்கு வார்டுலதான் பொழப்பு.”

வாசலிலேயே நின்றேன். அப்போதும் வண்டியைக் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில்கூட எடுத்தேன். பேச்சு திரும்பிவந்தால் அவர் முதலில் எதைச் சொல்வார் என்று யோசித்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் தட்ட ஆரம்பித்தார். கையில் கிடந்த வளையலால், கட்டில் கம்பியில். அவசரமில்லாமல், ஒரே சீராக. நான் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னறையில் உட்கார்ந்து பத்திரத்தின் நகலைப் படித்தேன். விற்பவருக்கு ஆயுள் முடியும்வரை பின்னறையில் குடியிருக்கும் உரிமை உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த உரிமையை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

மனைவி வேலையிலிருந்து வந்ததும், “என்னங்க, நர்ஸம்மா ரூம்ல சத்தமே காணோம்?” என்றாள்.

“தூங்குறாங்க.”

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தவள் என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒரு பெருவிரல் அளவுக்கு மை ஒட்டியிருந்தது. இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் சொல்லி வையுங்கள். மதியத்துக்கு மேல் பின்னறையில் தட்டுகிற சத்தம் கேட்கும். கட்டிலைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. பிளம்பர் வந்து குழாயையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் எழுந்து போக வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு இங்கேயே பேசாமல் உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். அன்றைக்கும் அப்படித்தான் நின்றது.