இரண்டு வருஷம் மூத்த வண்டி

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்கள் வருஷத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. இரண்டு வருஷம் புதியது என்பதற்காக ஒரு வண்டி நல்ல வண்டியாகிவிடாது. யார் ஓட்டினார்கள், எப்படி வைத்திருந்தார்கள், அடியில் துரு ஏறியிருக்கிறதா, கதவைச் சாத்தும்போது என்ன சத்தம் வருகிறது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வண்டி இவை எல்லாவற்றிலும் தேறியது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் சார். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் நல்லது. என் குரல் எப்போதுமே இப்படித்தான். அழுது கரகரத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை என்று எனக்குத் தெரியும். ஓட்டியவர் தூங்கிவிட்டார், சாலையோரம் நின்ற லாரியின் பின்னால் மோதினார் என்று எழுதி முடித்து, கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் திருப்பியும் வைத்துவிட்டீர்கள். கூடவே ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னீர்கள். “பாவம். இதே மாடல்ல ரெண்டு வருஷம் புதுசா வாங்கியிருந்தா, கண்ணு சொக்கும்போதே மணி அடிச்சு எழுப்பியிருக்கும்.” நான் பேனாவைக் கையில் எடுத்திருந்தேன். அதைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். அந்த மணியை எனக்குத் தெரியும். ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

லாரிகளை ஏற்றி எடை போடுகிற மேடைகளை ஆலைகளிலும் கிடங்குகளிலும் அமைத்துத் தருவது அத்தானுடைய தொழில். மாதத்தில் இருபது நாள் நெடுஞ்சாலையில்தான் கழியும். அவருக்கு ஒரு கோளாறு உண்டு. உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஆனால் இவருடையது மயக்கமில்லை, வியாதி. இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. டாக்டர் மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு கருவி கொடுத்தார். “தும்பிக்கையக் கட்டிக்கிட்டு எவன் தூங்குவான்” என்று அதைப் பரணில் போட்டுவிட்டார் அத்தான். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள். தன் வண்டியில் இன்னொருத்தன் கை படக் கூடாது என்றார். டிரைவருக்குப் பதிலாகத்தான் நான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடினார்கள். வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே அத்தானோடு ஒரு பயணம். சும்மா வருகிறோமே என்ற கூச்சத்தில் வழி முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அன்று அவருக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் சிரித்தார்கள். அதுவே என் வேலையாகிவிட்டது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வர வேண்டும். அவர் பதில் சொல்ல மாட்டார். குரல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வருஷம் எனக்குத் தெரிந்ததைப் பேசினேன். அப்புறம் செய்தித்தாள். அப்புறம் கடைப் பலகைகள், எதிரே வருகிற வண்டிகளின் எண்கள். அதுவும் தீர்ந்த பிறகு, எங்கள் குடும்பத்தில் இல்லாத ஒரு பெரியப்பாவை உண்டாக்கி, அவருக்கு மூன்று கல்யாணம் செய்து வைத்து, மூன்று சம்பந்தி வீட்டோடும் சண்டை மூட்டி, இரண்டரை வருஷம் ஓட்டினேன். பெரியப்பா பொய் என்று அத்தானுக்குத் தெரியும். இருந்தாலும் வண்டியைக் கிளப்பியதும், “உன் பெரியப்பா இப்ப யார் வீட்டுல இருக்காரு?” என்று கேட்பார். எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான். பிள்ளைகளுக்கு நான் ரேடியோ மாமா. என் குரல் தாழ்ந்தால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, “சத்தம் வை” என்பார். ஆட்கள் இருக்கிற இடத்தில் நான் வாயைத் திறந்தால், “ஆஃப் ஆகு” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் கெட்டவரில்லை. எனக்கு ஒரு அறை கொடுத்தார். காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போவார். நாலு பேர் முன்னால், “இவன் இல்லேன்னா நான் என்னிக்கோ போய்ச் சேந்திருப்பேன்” என்று மனதாரச் சொல்வார். எனக்குக் களைப்பாக இருந்தது, அதுதான் விஷயம். தனியாக இருக்கும்போதும் வாய் தானாக முணுமுணுக்கும். பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்துப் பெரியப்பாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் தொண்டையில் ரத்தம் வந்தது. பக்கத்து ஊரில் தொண்டை டாக்டர் ஒருவர் இருக்கிறார். குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாண்கள் இரண்டிலும் காய்ப்பு ஏறியிருக்கிறது என்றார். “ஒரு மாசம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினீங்கன்னா, அப்புறம் பேசணும்னு நெனச்சாலும் வராது.”

அக்காவிடம் எழுதிக் காட்டினேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு முறை படித்தாள்.

“ஒரு மாசமா? நீ போகலேன்னா அவரோட யாரு தம்பி போறது? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் புள்ளைங்களும் நடுத்தெருவுலதான். கொஞ்சம் அனுசரிச்சுப் போடா. மெதுவாப் பேசு.”

மெதுவாகப் பேசினால் அவர் தூங்கிவிடுவார் என்று அவளுக்கும் தெரியும். மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகு ஒரு நாளும் தவறாமல் கொடுத்தாள். அக்கா மேல் எனக்குக் கோபமில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் கார் வந்தது. அத்தானுக்கு ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது பெரிய வண்டி ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை. பழைய கார் விற்கிறவரின் கொட்டகையில் இரண்டு வண்டிகள் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் கறுப்பு, ஒரே மாடல். ஒன்று இரண்டு வருஷம் மூத்தது. மூத்ததில் பெரிய என்ஜின், கெட்டியான கதவுகள், உள்ளே அசல் மரப்பலகை. இளையதில் என்ஜின் சிறியது, ஆனால் திரையும் விளக்குமாக என்னென்னவோ இருந்தது. அத்தான் ஆறு வாரம் மதில்மேல் பூனையாக இருந்தார். ஒரு நாள் மூத்தது, மறுநாள் இளையது. பயணத்தில் என் பேச்சைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டு என்ஜினைப் பற்றி அவரே பேசுவார். அந்த ஆறு வாரமும் என் தொண்டைக்குச் சற்றுச் சுகமாக இருந்தது.

கடைசியில் என்னிடம் விட்டார். “நீதானே பக்கத்துல உக்காரப் போற, ரேடியோ. நீ சொல்றதுதான்.”

இளைய வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு கண் இருந்தது. அது ஓட்டுகிறவரின் இமைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும், சொக்கினால் மணி அடிக்கும், அப்படியும் எழுந்திருக்காவிட்டால் சீட்டையே அதிர வைக்கும். அத்தான் போனில் இருந்தபோது விற்கிறவர் என்னிடம்தான் இதைச் சொன்னார். மூத்த வண்டி மூன்று மாதமாக வெயிலில் கிடக்கிறது, அது போனால் போதும் என்பது அவர் கவலை. அதனால் இளையதின் பெருமையை அவர் அத்தானிடம் பெரிதாகப் பாடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானும் நானும் மட்டும் இளைய வண்டியை நெடுஞ்சாலைக்கு ஓட்டிப்போனோம். நான் பேசுவதை நிறுத்தினேன். வண்டியைச் சோதிக்கத்தான் நிறுத்தினேன், வேறு எண்ணம் அப்போது இல்லை. நாலு நிமிஷத்தில் அத்தானின் இமை இறங்கியது. வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே காற்றுச் சத்தம்கூட இல்லை. பதினொரு வருஷத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை சார். எத்தனை விநாடி இருக்கும், ஆறோ ஏழோ. என் தொண்டைக்குள் ஏதோ முடிச்சு தளர்ந்தது. அப்போது மணி அடித்தது.

அத்தான் திடுக்கென்று நிமிர்ந்தார். தூங்கியது அவருக்கே தெரியவில்லை. “என்ன சத்தம் அது?”

“பெட்ரோல் கம்மியாயிருக்காம்,” என்றேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. என் வேலையை அந்த மணியே பார்த்துக்கொள்ளுமே, ஒரு மாதம் என்ன, ஆயுசு முழுக்க நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே, அதை ஏன் வேண்டாம் என்றேன்? நானும் நிறைய யோசித்தேன். மணி அடிக்கிற வண்டிக்கு ரேடியோ எதற்கு, வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்ததாகச் சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கிறவர்கள் நம்பக்கூடிய காரணம் அது. நீங்களும் அதையே எழுதியிருப்பீர்கள். ஆனால் அது உண்மையில்லை. அந்த ஏழு விநாடி அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கலைத்த மணி எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

“மூத்ததையே எடுங்க அத்தான். புதுசுல எல்லாம் வெறும் பகட்டு,” என்றேன். அவர் மனமும் உள்ளுக்குள் அந்தப் பெரிய என்ஜின் பக்கம்தான் இருந்தது. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். நான் நாள் எதையும் குறிக்கவில்லை. அப்படியொரு நாள் வந்தால் குறுக்கே மணி அடிக்காத வண்டியாக வாங்கி வைத்தேன்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நான் பேசினேன், அவர் ஓட்டினார். பெரியப்பாவுக்கு நாலாவது கல்யாணம்கூட ஆயிற்று. பிறகு போன வியாழக்கிழமை. வெளியூரில் ஒரு கிடங்கில் வேலை இருந்தது. பெண் படிக்கிற விடுதியும் அதே வழி என்பதால் அக்காவும் வந்தாள். அவள் எங்களோடு வருவது அபூர்வம். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்த பிறகு நான் எதையும் மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஏன் என்று கேட்டால், களைப்பு என்றுதான் சொல்லத் தெரிகிறது.

மத்தியானம் சாலையோரத்தில் சாப்பிட்டோம். அத்தான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போதே அவர் கண் சிவந்திருந்தது. தொண்டை டாக்டரின் ஊர் அது. நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்றேன். அத்தான் கொட்டாவியோடு தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அம்மா அப்பா இல்லாத வீட்டில் நேற்றுச் சாயங்காலம் பிள்ளைகள் இரண்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏதாவது பேசுங்க மாமா” என்றார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பேசுகிறேன் போலிருக்கிறது.

அன்று வண்டி நகரும் முன்னால், பின் சீட்டில் இருந்த அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். “நீ இல்லாம இவரு எப்படித் தம்பி ஓட்டுவாரு? நான் வேணா முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வரட்டுமா?” என்று கேட்டபடி கதவைத் திறக்கப் போனாள்.

நான் கதவைக் கையால் அமர்த்திச் சாத்தினேன். நல்ல கெட்டியான கதவு. “வேண்டாம்க்கா. இது நல்ல வண்டி. கண்ணு சொக்கினா அதுவே மணி அடிச்சு எழுப்பிவிடும். நீ பின்னாடியே சாஞ்சு தூங்கு.”

ஒரே பொய் என்று சொன்னேன். இரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அவள் முகம் மலர்ந்தது. “நிஜமாவா? இத முன்னாடியே சொல்லக் கூடாதாடா? அப்ப இனிமே உன் தொண்டைக்கும் ஓய்வுதான்.” பிளாஸ்க்கின் மூடியை நன்றாகத் திருகி ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள். வண்டி திரும்பும்போது பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து அந்த லாரி நின்ற இடத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. கூப்பிட்டிருந்தால் இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்திருப்பாள். ஆனால் டாக்டர் என்னைப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்.