துணைக்கு வந்த உகரம்

“மாமா, நீங்க எது சொன்னாலும் அதுக்குப் பின்னாடியே ஒரு ‘உ’ வருதே, அதுவும் அம்மாவைத் தொலைச்சிடுச்சா?”

முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் இம்மருத்துவமனையின் அறிவிப்பு அறையில், வழிதவறி வந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் நீங்கள்.

ஒலிவாங்கிக்கு முன் ஒருநாளும் குரலை உயர்த்தாத உத்தமரே! வழி தெரியாமல் தவித்தோரையெல்லாம் உரிய வாசலில் கொண்டு சேர்த்த இன்சொல்லரே! எங்கள் அனைவருக்கும் ‘மைக் அண்ணன்’ ஆகிவிட்ட பெருந்தகையே! பணிநிறைவு பெறும் இந்நாளில் எங்கள் வணக்கம்.

நீங்கள் பணியில் சேர்ந்து அன்று நான்காம் நாள். பலமொழி பேசுவோர் வந்துபோகும் இடமாதலால் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும். காணாமற்போன குழந்தை, சிவப்புப் பாவாடை, முன்மேசைக்கு வரவும் என்பதை, “லாஸ்ட்டு சைல்டு, ரெட்டு ஸ்கர்ட்டு, ஃப்ரன்ட்டு டெஸ்க்கு” என்று கட்டடம் முழுதும் கேட்கச் சொன்னீர்கள். ஆறு சொல்லுக்கு ஆறு உகரம். அதைக் கேட்டுத்தான் அவள் அழுகையை நிறுத்திவிட்டு உங்களை விசாரித்தாள். நீங்கள் பதில் தேடுவதற்குள் தாய் ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டு போனார். கேள்வி மட்டும் சுழல்நாற்காலியில் காலாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் ஓய்வுவேளைகளில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, உள்ளங்கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, “டெஸ்க்” என்பீர்கள். சொல் முடிந்தபின்னும் தொண்டை அதிர்ந்தால் உள்ளே உகரம் ஒளிந்திருக்கிறது என்று பொருள், மறுபடி தொடங்குவீர்கள். தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் கண்ணாடிக் குவளையை ஓசைப்படாமல் வைப்பவர்போல், கடைசி எழுத்தை வைத்துவிட்டுக் கையை எடுக்கப் பழகினீர்கள். எழுத்துக்குப் பின் ஒரு சின்ன அமைதி வந்தது. மாலைநேரங்களில் நீண்ட நடைகூடங்களில் உங்கள் குரல் பஞ்சாய் மிதந்து செல்ல, அந்த அமைதிகளில் நோயாளிகள் கண்ணயர்வதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கற்றதை நீங்கள் ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவருக்கெல்லாம் சொன்னீர்கள். தாதியர் முதல் சலவைக்கூடத்தார் வரை எல்லாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நடந்த காலம் ஒன்று உண்டு. தொண்டை மருத்துவர் அரண்டுபோய், எல்லாரும் வரிசையாகத் தம் அறைக்கு வரும்படி சொல்லியனுப்பினார். உகரம் இல்லாமல் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்று மின்தூக்கிக்காரர் முறையிட்டபோது, “மூச்சுதான்யா முக்கியம், நீ ‘லிஃப்ட்டு’ன்னே சொல்லு” என்று விட்டுவிட்டீர்கள்.

அந்தச் சிறுமிக்கான விடையையும் ஒருநாள் எங்களிடம் சொன்னீர்கள். தமிழில் வல்லின மெய் சொல்லின் கடைசியில் தனித்து நிற்பதில்லை. இருட்டு வாசலில் பிள்ளையைத் தனியே நிறுத்த மனம் வராத தாய்போல, நம் மொழி ஒரு குட்டி உகரத்தைத் துணைக்கு அனுப்புகிறது. ஆகவே அது தொலைந்த குழந்தை அன்று, வழித்துணைக்கு வந்தது. வேற்றுமொழி வாசலில் அதை அதட்டி விரட்டாமல், “நீ இங்கேயே இரு, கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. தொலைபேசி இணைப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருத்தி, நாற்பத்தோரு வயதில் முதன்முதலாக வேலைக்கு வந்தவள், இன்னும் நிரந்தரம் ஆகாதவள், உங்களிடம் உகரத்தை விலக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். வெளியூர் மருத்துவர் ஒருவர், அறுவைக்குக் காத்திருந்த தச்சர் மாலைவரை உண்ணக் கூடாது என்று சொல்லியனுப்பினார். “கேன்ட் ஈட்” என்று அதை அவள் மாடிக்குச் சொல்லியிருக்க வேண்டும். ‘கேன்ட்டு’ என்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில் உகரத்தை விழுங்கியவள், அதைப் பிடித்திருந்த ‘ட்’டையும் சேர்த்து விழுங்கிவிட்டாள். “கேன் ஈட்” என்று நேர்த்தியாக ஒலித்தது. தச்சரும் வயிறாரச் சாப்பிட்டார். அறுவை இரண்டு நாள் தள்ளிப்போனது. நல்லவேளையாக அவர் நலமாக வீடு திரும்பினார்.

விசாரணை வந்தது. அவள் பெயர் எழுதப்பட்டால் வேலை போய்விடும், பள்ளியில் படிக்கும் இரு மகள்களின் நிலையும் தடுமாறிவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கண்காணிப்பாளர் முன் நின்று நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: “பழக்கிக் கொடுத்தது நான், தப்பும் என்னுதுதான், எழுதிக்குங்க.” எழுதிக்கொண்டார்கள். உங்களுக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அவளிடம் நீங்கள் கடிந்துகொண்டது இவ்வளவே: “தங்கச்சி, வாலை நறுக்கச் சொன்னா காதையும் சேர்த்து நறுக்கிட்டியே. இனிமே ‘கேனாட்’னு முழுசாச் சொல்லு. ‘உ’ வந்தா வந்துட்டுப் போகட்டும்.” அந்த அறிவுரை இன்றும் இணைப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பண்பாளரே! சொல்லின் முடிவில் நீங்கள் வைத்த அமைதி இனி உங்கள் மாலைப்பொழுதுகளில் நிறைவதாக. நல்ல உடலும் நல்லுறக்கமும் பேரப்பிள்ளைகளின் ஓயாத கேள்விகளும் உங்களுக்கு வாய்ப்பதாக. வல்லின மெய்க்கு உகரம்போல், தனியே நிற்க நேரும் இடங்களிலெல்லாம் இறைவன் உங்கள் அருகில் வந்து நிற்பானாக.

என்றும் அன்புடன்,
அறிவிப்பு அறை, தொலைபேசி இணைப்பகம், மற்றுமுள்ள பணியாளர்கள்

*

(சட்டமிட்டுத் தந்த இம்மடலின் பின்னட்டையில்)

அண்ணா,

இந்தப் பக்கத்தை மேடையில் வாசிக்கவில்லை. ‘ட்’டை விழுங்கிய தங்கச்சி எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் பல்செட் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மற்ற எழுத்தெல்லாம் சரியாகத்தான் வந்தன. ‘ஃபிஃப்த் ஃப்ளோர்’ என்னும்போது மட்டும் அந்தக் கடைசி ‘த்’ பல்லைத் தள்ளிவிட்டுக் காற்றாய்ப் போனது. கீழே யாரோ சிரித்தார்கள். நீங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, “இனி இருக்கிற நாளுக்கு வேற யாரையாவது பேசச் சொல்லிடலாம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். அருகில் இருந்த நான் காதில் விழாததுபோல் தொலைபேசி எண்களின் பட்டியலைப் புரட்டினேன்.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் முன்னதாக வந்து, அன்றைய அறிவிப்புச் சீட்டுகளை மாற்றித் தட்டச்சு செய்து வைத்தேன். ‘ஃபிஃப்த் ஃப்ளோர்’ ‘ஃப்ளோர் ஃபைவ்’ ஆனது. ‘சிக்ஸ்த் ஃப்ளோர்’ ‘ஃப்ளோர் சிக்ஸ்’ ஆனது. நாக்கு இடறும் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். நேற்றுவரை பேசியது உங்கள் குரல்தான்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று கடைசி அறிவிப்பு முடிந்ததும், அந்தச் சீட்டைக் குப்பைக்கூடையில் போடாமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். அறையில் வேறு எவரும் இல்லை.

இந்தப் பக்கம் சுவரைப் பார்த்தே இருக்கட்டும்.