நடுவில் நாலு, ஓரத்தில் ரெண்டு

கீப்பர்: ...வேணாம் அண்ணி, உறையைக் கழட்டாதீங்க. அண்ணனோட கிரிக்கெட் மட்டைய நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், மேல பிளாஸ்டிக் ஷீட்டு ஒட்டி, காலையில நேரா கிளப்புக்குக் கொண்டுவந்துடறேன்.

அண்ணி: எதுக்கு? மேசை இங்க இருக்கு. லைட்டு இங்க இருக்கு. ஷீட்டு உங்க கையில இருக்கு. உங்க வீட்டுல ஒட்டினாத்தான் ஒட்டுமா?

கீப்பர்: உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். தூசி பறக்கும். நீங்க ஏற்கெனவே...

அண்ணி: ஏற்கெனவே என்ன? புருஷன் போனவ தூசியைப் பாக்கக் கூடாதா?

கீப்பர்: ஐயோ, அப்படிச் சொல்லல.

அண்ணி: அப்போ உக்காருங்க தம்பி. ஞாயித்துக்கிழமை ஆனா அவரும் நீங்களும் ஒண்ணாத்தான் ஆடப் போவீங்க, ஒண்ணாத்தான் வந்து இந்த மேசையில சாப்பிடுவீங்க. இப்ப என்ன புதுசாக் கூச்சம்?

கீப்பர்: சரி... ஒரு துண்டு விரிங்க. மட்டையோட முகம் கீழ இருக்கட்டும். மொதல்ல முதுகைத் துடைச்சுடறேன்.

அண்ணி: ஷீட்டு முகத்துக்குத்தானே?

கீப்பர்: ஆமா... இருந்தாலும் முதுகுக்கும் ஒரு மரியாதை வேணாமா?

அண்ணி: கிளப் தலைவர் ஃபோன்ல தெளிவாச் சொன்னார். கண்ணாடி மாதிரி ஷீட்டுதான் ஒட்டணுமாம். பந்து பட்ட தடமெல்லாம் வெளிய தெரியணுமாம். நாளைக்கு இரங்கல் கூட்டத்துல எல்லாருக்கும் காட்டிட்டு, கிளப்புல பெட்டிக்குள்ள வைப்பாங்களாம்.

கீப்பர்: வெள்ளை ஷீட்டும் கொண்டுவந்திருக்கேன். பால் மாதிரி இருக்கும். அதான் கெட்டி. மரத்துக்கு அதான் பாதுகாப்பு.

அண்ணி: பெட்டிக்குள்ள இருக்கற மட்டைய எந்தப் பந்து வந்து அடிக்கப் போகுது? தடம் அழியாம இருக்கத்தானே ஷீட்டே. பெரியவன் காலையில வந்து இறங்கறான். அப்பாவுக்குக் கடைசியில என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, ‘அந்த மட்டை பத்திரமா இருக்காம்மா’ன்னுதான் கேட்டான். அப்பா ஆடின கதையக் கேட்டுக் கேட்டே சோறு தின்ன பையன். அவன் தொட்டுப் பாப்பான், தம்பி.

கீப்பர்: தெரியும் அண்ணி. அதனாலதான்...

அண்ணி: அதனாலதான்?

கீப்பர்: ஒண்ணுமில்ல. என்ன, ஷூ பாலிஷ் வாசனை அடிக்குது?

அண்ணி: பெரியவனோட பழைய சிவப்பு ஷூ. வர்றான்னு துடைச்சு வச்சேன். உங்க பையில என்ன அது, உருண்டையா?

கீப்பர்: மாத்திரை டப்பா.

அண்ணி: அவ்வளவு பெரிசா! என்ன வியாதி உங்களுக்கு?

கீப்பர்: ...சுகர்.

தலைவர்: அம்மா! கதவு திறந்திருந்தது, வந்துட்டேன். உக்காரக்கூட நேரமில்ல.

அண்ணி: வாங்க தலைவரே. காப்பி...

தலைவர்: கொடுங்க... இல்ல, வேணாம், தொண்டை முக்கியம். நாளைக்கு நம்ம கிளப் சார்பா நான்தான் பேசறேன். கேளுங்க. ‘மட்டையாளர் மறையலாம், மட்டை மறையாது! அதன் முகத்திலுள்ள ஒவ்வொரு சிவப்புத் தடமும் எங்கள் வரலாற்றில் ஒரு பக்கம்!’ இங்க கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்.

கீப்பர்: இரங்கல் கூட்டத்துலயா?

தலைவர்: மெதுவாத் தட்டுவாங்க. அப்புறம் அவரோட அந்த இடதுகை ஆட்டத்தைப் பத்தி...

அண்ணி: வலதுகை.

தலைவர்: வலதுகைதான். அதுல ஒரு இடதுகை நளினம் இருக்கும், அதைச் சொன்னேன்.

அண்ணி: அவர் எத்தனாவது ஆளா இறங்குவார், தலைவரே? பையன் கேட்டாச் சொல்லணும்.

தலைவர்: அவரா... எங்க தேவையோ அங்க! கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். கீப்பர், ஸ்டம்புக்குப் பின்னாடி நிக்கற நீங்கதான் சொல்லுங்களேன்.

கீப்பர்: ஆமா. ஓடித்தான் வருவார்.

தலைவர்: பாத்தீங்களா! மைதானத்துக்குள்ள அவர் வந்தாலே எங்களுக்கெல்லாம் ஒரு தெம்பு. சரி, ஃபோட்டோகிராபர் மட்டைய ரொம்பக் கிட்டத்துல எடுக்கணும்னார். இப்பவே ஒரு தடவை திருப்பிக் காட்டுங்க, பாத்துடறேன்.

கீப்பர்: பசை! பசை தடவியிருக்கு தலைவரே. திருப்பினா துண்டோட வந்துடும்.

தலைவர்: ஓ, அது டெக்னிக்கல் சமாசாரம். நான் தலையிடல. வர்றேம்மா. மனசைத் திடமா வச்சுக்குங்க. நாளைக்கு என் பேச்சு கொஞ்சம் நீளம், அதுக்கும் சேத்துச் சொல்றேன்.

அண்ணி: ...போயாச்சா?

கீப்பர்: போயாச்சு.

அண்ணி: பசை எப்போ தடவினீங்க? ஷீட்டுலயே பசை இருக்கும்பீங்களே. திருப்புங்க.

கீப்பர்: அண்ணி...

அண்ணி: விடுங்க, நானே திருப்பறேன்.

கீப்பர்: தேய்ச்சதுல போயிடுச்சு! உப்புத்தாள் போட்டாத்தான் ஷீட்டு பிடிக்கும். அதுல தடமெல்லாம்...

அண்ணி: எப்போ தேய்ச்சீங்க? பீரோவுலேர்ந்து இப்பத்தான் எடுத்தேன். சாவி என் இடுப்புல இருக்கு.

கீப்பர்: அண்ணனே தேய்ச்சிருப்பார். போன மாசம்...

அண்ணி: போன மாசம் அவரால ஸ்பூனைப் பிடிக்க முடியல, தம்பி. எண்ணெய் போட்டுப் போட்டு நல்ல மஞ்சளா வளத்திருக்கார். பாருங்க, பச்சைக் குழந்தை கன்னம் மாதிரி. ஒரு கீறல் இல்ல.

கீப்பர்: சொல்லிடறேன். அண்ணன் பன்னெண்டாவது ஆள். பதினோரு பேர்ல யாராவது வரலன்னா அவர் ஆடணும். வாரா வாரம் மட்டைக்கு எண்ணெய் போட்டு, வெள்ளை உடுப்புல, மொத ஆளா வந்து நிப்பார். ஆனா... எல்லாரும் வந்துட்டே இருந்தாங்க, அண்ணி. ஒரு பயலுக்கும் ஒரு காய்ச்சல் வரல.

அண்ணி: அப்போ அவர் எப்பவும் சொல்வாரே, மழை வர்றதுக்கு முன்னாடி, கடைசிப் பந்துல சிக்ஸர்?

கீப்பர்: அது நான் அடிச்சது.

அண்ணி: இதே நாற்காலியில உக்காந்து தலையாட்டினீங்களே!

கீப்பர்: அவர் சொல்றப்ப இன்னும் நல்லாருந்துது, அண்ணி. பையில இருக்கறது மாத்திரை இல்ல. புதுப் பந்து. பழைய பந்துன்னா சிவப்பு ஒட்டாது. வீட்டுல வச்சு நாலு தட்டு தட்டி, தடம் விழவச்சு, அதுக்கு மேல கண்ணாடி ஷீட்டை ஒட்டிடலாம்னு... முடியலன்னா வெள்ளை. உங்களுக்கும் பெரியவனுக்கும் தெரிய வேணாம்னு பாத்தேன். திட்டுங்க அண்ணி, வாங்கிக்கறேன்.

அண்ணி: பந்தை எடுங்க.

கீப்பர்: ம்?

அண்ணி: எடுங்கன்னா. நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன், நீங்க ஓங்கி அடிங்க. எல்லாத்தையும் நடுவுலயே போடாதீங்க. நடுவுல நாலு, ஓரத்துல ரெண்டு. அப்பத்தான் மனுஷன் ஆடின மட்டை மாதிரி இருக்கும்.

கீப்பர்: அண்ணி, உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?

அண்ணி: அவர் வெள்ளை உடுப்பை யார் துவைச்சாங்கன்னு நெனச்சீங்க? முட்டியில ஒரு நாள் மண்ணு கிடையாது. தொடையில பந்தைத் தேய்ச்ச சிவப்பு கிடையாது. நெஞ்சுல மட்டும் வாரா வாரம் ஆரஞ்சு ஜூஸ். உங்க டீம்ல அத்தனை பேருக்கும் அப்படி என்ன தாகம்?

கீப்பர்: அவர்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலையா?

அண்ணி: கேக்காம இருப்பேனா? ‘அப்புறம் என்ன ஆச்சு’ன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேன்.

கீப்பர்: ...இறுக்கிப் பிடிங்க.

அண்ணி: பிடிச்சிருக்கேன். அடிங்க... இன்னும் பலமா. அவர் பலமா அடிக்கற ஆளு.

கீப்பர்: ஓரத்துல ஒண்ணு... ரெண்டு. போதும். ஷீட்டைக் கொடுங்க, கண்ணாடி ஷீட்டு. பின்தாளை நான் உரிக்க உரிக்க, நீங்க துணியால அழுத்திட்டே வாங்க. காத்து மாட்டக் கூடாது.

அண்ணி: ஒட்டினப்புறம் உரியாதே?

கீப்பர்: உரிச்சா மரத்தோட நாரும் சேந்து வரும். யாரும் உரிக்க மாட்டாங்க... இருங்க, இருங்க. அழுத்தாதீங்க. அடிப்பக்கம் மூலையில ஒரு சிவப்பு இருக்கே? இது நான் அடிச்சதில்லையே.

அண்ணி: அழுத்தியே ஒட்டுங்க தம்பி. நேத்து பெரியவன் ஷூ பாலிஷை விரல்ல தொட்டு நானே வச்சுப் பாத்தேன். பந்து பட்ட மாதிரி வரல, பொட்டு வச்ச மாதிரி இருந்துது. எல்லாத்தையும் துடைச்சுட்டேன், அது ஒண்ணு மட்டும் போகல... அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன்.