மூன்றாவது நாற்காலியின் தாளம்

முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நான் இருபத்தாறு வருடமாக இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் உட்காருகிறேன். நான்காவதில் என் சிநேகிதன் ஹரிஷங்கர். சபா செயலாளர் விஜய்குமார் அவர்களே, நீங்கள் பின்வரிசைக்கு மாற்றிய அதே ஹரி, ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் மறுபடி நான்காவதில் வந்து உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் என் கையை விடாமல் பிடித்திருந்தது ஏன் என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறீர்கள். செக்ரட்டேரியட்டில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு பார்த்தவன் நான். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தாளம் உங்களுக்குத் தெரியும். கோட்டைக்குள் இருக்கும் நம் சபாவில் பாட வருகிற பிள்ளைகள் மேடையேறியதும் தேடுவது என் வலது கையைத்தான். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. ஆனி மாதக் கச்சேரியில் திவ்யலட்சுமி ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தபோது, திருப்ப வேண்டிய இடத்தில் என் கை திரும்பவில்லை. தட்டிவிட்டு, மறுபடியும் தட்டியது. அந்தப் பெண் என் கையை நம்பி ஓர் அட்சரம் தள்ளி வந்து, தாளம் தப்பி விழுந்தாள். மிருதங்கக்காரர் முறைத்தார். முன்வரிசை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது.

வேர்வைதான் காரணம். ஆனாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டபோது அண்ணா ஞாபகம் வந்தது. என் அண்ணாவுக்கு முதலில் சட்டைப் பொத்தான்தான் தகராறு செய்தது. ஆறே மாதத்தில் வீட்டில் எல்லோரும் அவரைக் குழந்தை மாதிரி என்று சொல்லிக் கன்னத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். கன்னத்தைத் தட்டுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

ஆகவே ஹரியின் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, நாலு பேருக்குக் கேட்கும்படி, "பரவால்லடா ஹரி, வயசாச்சுன்னா கை இப்படித்தான்" என்றேன். அவன் கையில் பாதி கடித்த பருப்புவடை இருந்தது. அவன் தாளமே போடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் சொன்னால் சபையில் எடுபடும்.

சொன்னதற்கு ஆதாரம் வேண்டுமல்லவா? கோப்பு என்றால் இணைப்பு இருக்க வேண்டும். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். போக வரத் தடையில்லை. அவன் ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜில் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். இடது செருப்பை மட்டும் வாஷிங் மெஷினில் போட்டேன். கொடியில் கிடந்த சட்டையில் நான்காவது பொத்தான் துளையைத் தைத்து மூடினேன். அதற்கு ஊசியில் நூல் கோக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. இப்போதெல்லாம் ஊசிக்குக் காது சின்னதாகத்தான் வைக்கிறார்கள்.

அவன் மகள் ஜானவி என்னிடம் வந்து அழுதாள். "மாமா, சாவி ஃபிரிட்ஜிலயாக்கும் இருந்தது. அப்பாட்ட கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கறார்." ஆறுதல் சொல்லி அனுப்பினேன். ஸ்கூட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவன் மனைவி பத்மஜா காபியை நன்றாக ஆற்றி, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். நீங்கள் அவனைப் பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் போட்டீர்கள். ஒருநாள் ஜானவி அவன் கன்னத்தைத் தட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவனை ஞாபகமறதி டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் சபீனா சின்னப் பெண். மேஜைமேல் முஷ்டி, கையின் விளிம்பு, உள்ளங்கை என்று மாறி மாறி வைக்கச் சொன்னாள். ஹரி வைத்தான். வேகத்தை இரட்டித்தும் வைத்தான். இடது கையாலும் வைத்தான். டாக்டர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சாருக்கு ஒரு கம்பெனியா அங்கிளும் ஒண்ணு செஞ்சு காட்டுங்க, கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னாள்.

நானும் வைத்தேன். முஷ்டி, முஷ்டி, உள்ளங்கை, முஷ்டி. ஒரு முஷ்டி கூடுதலாக விழுந்தது, அது பாட்டில் வருகிற கற்பனை ஸ்வரம் மாதிரி. மருத்துவம் படித்தவர்களுக்கு அதெல்லாம் பிடிபடாது. ஐந்து தடவை செய்யச் சொன்னாள். பிறகு அடுத்த செவ்வாய்க்கான சீட்டில் என் பெயரை எழுதி, வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொன்னாள். நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்றே குழம்பிவிட்டாள், பாவம், இந்த வயசிலேயே. மரியாதைக்காக நான் திருத்தவில்லை.

பத்மஜாவும் ஜானவியும் முன்னால் ஓர் ஆட்டோவில் போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால். சீட்டைச் சட்டைப்பையில் வைக்கப் போனேன். பை இருந்த இடத்தில் இல்லை. ஹரி வாங்கிப் படித்தான். கரமனைப் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"சாவியை நீதானேடா வெச்சே?"

"ஆமாம்."

"சட்டைத் தையலும்?"

"அதுவும்தான்."

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவான் என்று நினைத்தேன். அவன் சீட்டை நாலாக மடித்து என் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டான். "செவ்வாக்கிழமை நானும் கூட வரேன்டா பஞ்சு. தனியா இருக்க எனக்குப் பயமாட்டு இருக்கு" என்றான்.

ஆகவே குற்றம் முழுவதும் என்னுடையது. கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன். அது கோணலாக இருப்பதற்குப் பேனாதான் பொறுப்பு. ஹரிஷங்கருக்கு அவன் நாற்காலியைத் திருப்பிக் கொடுங்கள். அவன் சபையில் ஒழுங்கு கெடும்படி ஒன்றும் செய்துவிடவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் தன் கையை என் கைமேல் வைத்துக்கொண்டான். என் சுண்டுவிரலை எடுத்துத் தொடையில் வைத்தான், பிறகு மோதிரவிரல், பிறகு நடுவிரல். திருப்ப வேண்டிய இடத்தில் என் கையைத் திருப்பிப் போட்டான். பாடகர் அவ்வப்போது எங்களைப் பார்த்துக்கொண்டார்; ஓர் இடத்திலும் தாளம் தப்பி விழவில்லை. நானும் கையை உருவிக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பாவம், ஹரியால் இப்போது ஒரு தாளம்கூடப் போட முடியாது.