கைகாப்பான்

உங்கள் மின்விசிறி கிறீச்சிடுகிறது ஐயா. என் மச்சான் இங்கே இருந்திருந்தால், விசாரணையாவது மண்ணாங்கட்டியாவது என்று இந்நேரம் மேசைமேல் ஏறி அதைக் கழற்றியிருப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் எதையாவது பழுது பார்த்துவிடுவார். பழுதே இல்லாத வீடு என்றால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது.

அவர் என் மனைவியின் அண்ணன். லேத் பட்டறைக்காரர். நான் வர்த்தகக் குறி, காப்புரிமை, டிசைன் எல்லாம் பதிவு செய்து கொடுக்கும் முகவர். ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்தால், அது அவனுடையதுதான் என்று அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைப்பது என் வேலை. எளிதான வேலை என்று நினைக்காதீர்கள். செய்கிறவனுக்குச் செய்யத்தான் தெரியும். தன்னுடையதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத் தெரியாது.

நான் சொந்த வீடு கட்டிக் குடிபோன அன்று, கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு என்னப்பா, ஊரான் பெத்த பிள்ளைக்கெல்லாம் பேர் வெச்சே வீடு கட்டிட்டாரு."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதை மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன் என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் புத்தி எனக்குக் கிடையாது. பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அதைச் சொல்லிக் காட்டினாள். "எங்கண்ணன் வாயத் தொறந்தா போதும்" என்று ஆரம்பிப்பாள். தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு நான் நிற்பேன். என் சம்பாத்தியத்தில் வாங்கிய தட்டு. மறக்கத்தான் விடவில்லையே.

அப்புறம் அவர் அந்தக் கைகாப்பானைச் செய்தார். அச்சகங்களில் காகிதக் கட்டு வெட்டும் மிஷின் பார்த்திருப்பீர்கள். கத்தி இறங்கும்போது கை உள்ளே இருந்தால் போயிற்று. இவர் கத்திக்கு முன்னால் ஒரு இரும்புச் சட்டம் வைத்தார். சட்டம் முதலில் இறங்கும்; கையில் பட்டால் கத்தி அப்படியே நின்றுவிடும். மூடிக்குள்ளே இரண்டு ஸ்பிரிங். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நல்ல பொருள் ஐயா. நல்லதை நல்லது என்று சொல்ல நான் தயங்குகிறவன் இல்லை.

அதைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். "மாப்பிள்ளை, இதுக்கு நீங்கதான் எல்லாம் பண்ணணும். எனக்கு வேற யாரத் தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் காப்புரிமைச் சட்டம் முழுக்க அந்த ஒரு வரிதான். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஊருக்குக் காட்டிவிட்டால், அது புதியது இல்லை. கண்டுபிடித்தவனே காட்டியிருந்தாலும் சரி. எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் இது தெரியும். நான் சொன்னேன்: "அவசரம் எதுக்கு மச்சான்? மொதல்ல ஊர் பாக்கட்டும், நாலு பேர் பாராட்டட்டும். பேர் வந்த பொருளுக்குப் பதிவும் சுலபம்."

விழாவை நானே நடத்தினேன். அச்சகக்காரர்கள் சங்கத்து மண்டபம், நிருபர்கள், மாலை. மச்சான் தன் வலது கையைக் கத்திக்கு அடியில் வைத்தார். பொத்தானை அமுக்கினார்கள். சட்டம் இறங்கிக் கையைத் தொட்டது, கத்தி நின்றது. "உரல்ல தலைய விட்டவன் உலக்கைக்குப் பயந்தா ஆகுமா" என்று சிரித்தார். பத்திரிகையில் படமும், அது வேலை செய்யும் விதமும், ஸ்பிரிங் உட்பட விளக்கமாக வந்தன. நிருபர்களுக்கு எழுதிக் கொடுத்தது நான். என் மனைவி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். எங்கள் கல்யாணப் படம் இருந்த இடத்தில்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்தப் பத்திரிகைப் பக்கத்தையே காரணமாகக் காட்டினார்கள். "நாமளே காட்டினது நமக்கே எதிரியா மாப்பிள்ளை?" என்று கேட்டார். "சட்டம் அப்படி இருக்கு மச்சான்" என்றேன். பொய்யில்லை.

பிறகு ஒரு கம்பெனி அதையே செய்ய ஆரம்பித்தது. உருவம் அச்சு அசல். டிசைனும் பதிவாகவில்லை, யார் கேட்பது? உள்ளே ஸ்பிரிங் மட்டும் ஒன்றுதான், விலை பாதி. கைகாப்பான் என்ற பெயரையும் அவர்களே பதிவு செய்துகொண்டார்கள். அந்த யோசனையை அவர்களிடம் சொன்னதும் நான்தான், கேட்டார்கள், சொன்னேன். அந்த விண்ணப்பம் பதிவு இதழில் வெளிவந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் கெடுவுக்குள் சொல்லலாம். மச்சான் அதெல்லாம் படிக்கிறவர் இல்லை, அவருக்காகப் படிக்க வேண்டியவன் நான். படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தேன். அந்த இதழ் என் மேசையில் கிடந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதன்பின் ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்த பெண்ணுக்கு விரல்கள் போயின. கம்பெனிச் சரக்கு. ஆனால் ஊருக்குக் கைகாப்பான் என்றால் மச்சான்தானே. பட்டறைக் கண்ணாடியை உடைத்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷன் இவர் முகத்தில் துப்பினான். அன்று என் வீட்டுக்கு வந்து, நான் கட்டிய அதே கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "நான் செஞ்சது இல்ல மாப்பிள்ளை அது. என் பொருள் கையக் கடிக்காது. எல்லாரையும் கூப்பிடுங்க, அந்தப் பொண்ணு முன்னாடியே என் கைய வெச்சுக் காட்டறேன்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, ஏதாவது பண்ணுங்களேன். உங்களால முடியாததா?"

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. செய்கிறேன் என்றேன்.

அதே மண்டபம். மிஷினுக்கு ஏற்பாடு செய்தது நான். பொதுவாக மச்சான் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளைத் தொட்டுப் பார்க்காமல் கை வைக்க மாட்டார். அன்று கூட்டம் கத்திக்கொண்டிருந்தது, அவர் மூடியைக் கழற்றவில்லை. "பட்டறைலேருந்து எடுத்துட்டு வந்து நீங்கதானே மாட்டுனீங்க மாப்பிள்ளை?" என்றார். "நான்தான் மாட்டினேன்" என்றேன். "அப்பச் சரி. வேற எவனும் தொட வேணாம், பொத்தான நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். அதை எல்லோரும் பார்த்தார்கள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் சொல்லித்தான் அமுக்கினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் அவர் துடைத்து எடுத்து வைத்த கைகாப்பான் என் கார் டிக்கியிலேயே இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினில் நான் மாட்டியது, அந்தப் பெண்ணின் விரல்களை எடுத்ததே, அது. வழக்குக்குச் சாட்சியாக வேண்டும் என்று பைண்டிங் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். உள்ளே ஸ்பிரிங் அறுந்திருந்தது எனக்குத் தெரியும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். எந்த வேலையையும் சரிபார்க்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவருடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கூட்டத்தில் முதலில் அலறியது அந்தப் பைண்டிங் கடைப் பெண்தான். கட்டுப் போட்ட கையோடு ஓடிவந்து, தன் முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றினாள். அவருக்காக அழுதாள் ஐயா. இந்த உலகத்தை என்னவென்று சொல்வது?

எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. கோபம் இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கே அழைத்து வந்திருப்பேனா? காற்றோட்டமான அறையை ஒழித்துக் கொடுத்திருப்பேனா? இனி அவரால் எதையும் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. ஊரில் எவனும் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடப் போவதில்லை. வீடு அமைதியாகிவிடும், அவளும் கொஞ்சம் என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். ஒரு புருஷன் நினைக்கக் கூடாததா இது?

நேற்று மத்தியானம் பசியோடு வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு தட்டுகூட வைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி, அவருக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்பதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு தடவையாவது அவள் ஊட்டியது உண்டா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள் ஐயா, இதில் வஞ்சிக்கப்பட்டவன் யார்?